வேர் போன வழி

பாசல் நகரின் பழைய பகுதியில் தெருக்களுக்கு இன்னும் தொழில்களின் பெயர்தான். கீழே தையற்காரர் தெரு. மேலே ஊசி மேடு. இரண்டுக்கும் நடுவே பாதி படியும் பாதி சரிவுமாக ஓர் ஒடுக்கமான சந்து ஏறுகிறது. அதன் பெயர் இம்பர்கேஸ்லைன். கேஸ்லைன் என்றால் சின்னச் சந்து. இம்பர் என்றால், அந்தப் பக்கத்துப் பழைய ஜெர்மன் பேச்சில், இஞ்சி. ரைன் நதிக்கரையில், பனி விழும் ஸ்விட்சர்லாந்து நகரம் ஒன்றில், ஓர் இஞ்சிச் சந்து!

அந்தப் படிகளில் அப்படியே நின்றுவிட்டேன். இஞ்சி விளையாத மண்ணில் இஞ்சியின் பெயரில் ஒரு சந்து எப்படி வந்தது? அதை ஒட்டி இன்னொரு சந்தும் இருக்கிறது. அது ஃபெஃபர்கேஸ்லைன், மிளகுச் சந்து. நடுக்காலத்தில் வாசனைச் சரக்கு விற்ற வணிகர்கள் இந்தச் சுற்றில்தான் இருந்தார்கள். சற்றுத் தள்ளி, தோல் பதனிடுவோர் தெருவில், அவர்களுடைய வணிகக் குழுவின் மாளிகை நிற்கிறது. குழுவுக்குக் குங்குமப்பூவின் பெயர். நூற்றாண்டுகள் கடந்தும் அது கலையாமல் இருக்கிறது. சந்தில் ஏறும் வழியில் ஒரு பழைய வீட்டுக் கதவின் கண்ணாடியையே அருங்காட்சியகமாக்கி, கால்சட்டைப் பைக்குள் அடங்கும் சின்னஞ்சிறு பொருள்களை வைத்திருக்கிறார்கள். வந்தவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் மனமோ சந்தின் பெயரிலேயே நின்றது.

நான் உளுந்தூர்பேட்டைக்காரன். சென்னையிலிருந்து வரும் சாலை திருச்சிக்கும் சேலத்துக்குமாகப் பிரிகிற ஊர் எங்களுடையது. ஊர்ப் பெயரிலேயே ஒரு சரக்கும் ஒரு சந்தையும் இருக்கின்றன. ஊரை ஒட்டிய உளுந்தாண்டார்கோயில் பற்றிச் சின்ன வயதில் எல்லாரும் கேட்ட கதை ஒன்று உண்டு. மிளகு மூட்டைகளோடு வணிகன் ஒருவன் அந்த வழியே வந்தான். முதியவர் ஒருவர் கொஞ்சம் மிளகு கேட்டார். கொடுக்க மனமில்லாத வணிகன், மூட்டையில் இருப்பது உளுந்து என்று பொய் சொன்னான். சந்தையில் அவிழ்த்துப் பார்த்தால் அத்தனையும் உளுந்து. கேட்டவர் சிவபெருமான். மிளகை வேறு பயறு என்று சொல்லிச் சிக்கிய வணிகனின் கதை தமிழ்நாட்டில் வேறு சில சிவன் கோயில்களிலும் சொல்லப்படுகிறது. சிலவற்றில் அவன் சுங்கத்துக்குப் பயந்து பொய் சொல்வான். மிளகு மூட்டை எங்கள் சாலைகளில் எவ்வளவு சாதாரணமாகப் போய்வந்திருந்தால், எவ்வளவு விலை பெற்றிருந்தால், இத்தனை ஊர்களில் அது கதையாக நின்றிருக்கும்! அந்த மூட்டைகள் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. பாசலின் இஞ்சிச் சந்துதான் என்னை யோசிக்க வைத்தது.

மூன்று நாடுகள் முட்டிக்கொள்ளும் இடம் பாசல். பச்சை நிற டிராமில் 8ஆம் எண் ஏறினால் ஜெர்மனியின் வைல் அம் ரைனில் இறங்கலாம். 3ஆம் எண் ஏறினால் பிரான்சின் சாங் லூயி. பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், எல்லை தானாகக் கடந்துவிடுகிறது. காய்கறிக் கடைகளில் இஞ்சிக்கு மேலே குத்தியிருக்கும் அட்டையைப் படிப்பதே என் வேலையாயிற்று. ஜெர்மனியில் ‘இங்வர்’. பிரான்சில் ‘ஜேன்ஜாம்ப்ர்’. ஸ்விட்சர்லாந்திலோ அலையவே வேண்டாம். அந்த நாட்டுப் பொட்டலங்களில் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் மூன்றும் அச்சாகியிருக்கும். இஞ்சித் தேநீர்ப் பெட்டி ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பெயரையும் ஒன்றன்பின் ஒன்றாக வாய்விட்டுப் படித்தேன்: இங்வர், ஜேன்ஜாம்ப்ர், ஸென்ஸெரோ.

மூன்றும் ஒரே சொல். அதோடு நிற்கவில்லை. ஐரோப்பா முழுவதும் அந்தச் சொல்தான் வேறு வேறு உடுப்பில் திரிகிறது. ஆங்கிலத்தில் ஜிஞ்சர். டச்சில் கெம்பர். போர்ச்சுகீசியத்தில் ஜென்ஜிப்ரே, ஸ்பானியத்தில் ஹென்ஹிப்ரே. போலந்திலும் ரஷ்யாவிலும் இம்பிர். லித்துவேனியாவில் இம்பியராஸ். ருமேனியாவில் கிம்பிர். செக் மொழியில் ஸாஸ்வோர். ஸ்வீடனில் இங்கெஃபேரா. பின்லாந்தில் அது இன்கிவேரி.

இன்கிவேரி என்று சொல்லிப் பார்த்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. தமிழ் தெரிந்த யாருக்கும் அந்தச் சொல்லின் வால் புரிந்துவிடும். இஞ்சிவேர்! இங்வரின் ‘வர்’, இம்பிரின் ‘பிர்’, ஜென்ஜிப்ரேயின் ‘ப்ரே’, ஸாஸ்வோரின் ‘வோர்’ எல்லாமே ‘வேர்’ தேய்ந்தும் திரிந்தும் நிற்கிற நிலைகள். இத்தாலியனின் பழைய வடிவம் ஸென்ஸெவெரோ. நடுவில் இருந்த ‘வெ’ உதிர்ந்து இன்று ஸென்ஸெரோ. நாம் அன்றாடப் பேச்சில் வேரை விட்டுவிட்டு வெறும் இஞ்சி என்கிறோம். ஐரோப்பியர்கள் அந்த வேரை விடாமல் இன்றும் உச்சரிக்கிறார்கள். தாம் சொல்வது வேர் என்று அவர்களில் மிகச் சிலருக்கே தெரியும்.

இந்த இடத்தில் ஓர் ஆசை எழும். எனக்கும் எழுந்தது. ஜெர்மன் இங்வரும் தமிழ் இஞ்சிவேரும் காதுக்கு இவ்வளவு ஒத்திருக்க, தமிழ் வணிகன் நேரே போய்க் கொடுத்த சொல் என்று சொல்லிவிடலாமே! நம் பக்கத்தில் ஒலி ஒற்றுமை ஒன்றைக் கண்டதும் அப்படி அறிவித்துவிடும் பழக்கம் நிறைய இருக்கிறது. ஆனால் இந்தச் சொல்லின் உண்மையான பயணத்தை அறிஞர்கள் அடியடியாகத் தேடி எழுதி வைத்திருக்கிறார்கள். இஞ்சி என்ற ஒரே சொல்லுக்காக ஆலன் ராஸ் என்ற ஆங்கிலேய மொழியியலாளர் 1952இல் தனி நூலே வெளியிட்டார். சமஸ்கிருதத்திலும் பாலியிலும் உள்ள வடிவத்துக்குத் திராவிட மூலத்தைக் காட்டியவர்களில் முதன்மையானவர் தாமஸ் பர்ரோ. எமனோவோடு சேர்ந்து திராவிடச் சொற்பிறப்பு அகராதியைத் தொகுத்தவர் அவர். அந்தப் பாதையைத் தெரிந்துகொண்டபோது, நேர்வழிக் கற்பனை எனக்குச் சின்னதாகிவிட்டது.

பழைய பாலி நூல்களில் இஞ்சிக்குப் பெயர் சிங்கிவேர. முதலில் ஒரு ‘சி’ இருக்கிறது, கடைசியில் வேர் இருக்கிறது. பழந்திராவிடத்தில் இஞ்சிக்கு முன்னால் ஒரு சகரம் இருந்தது, தமிழ் பின்னால் அதை உதிர்த்துவிட்டது என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்கிறார்கள். தமிழுக்கு இது புதிய பழக்கமில்லை. சிராவணம் நம்மிடம் ஆவணி ஆனதும் இப்படித்தான். சமஸ்கிருதக்காரர்கள் இதே சொல்லைச் சிருங்கவேரம் என்று எழுதினார்கள். சிருங்கம் என்றால் கொம்பு. கிளைத்த இஞ்சியைப் பார்த்தால் மான்கொம்பு நினைவுக்கு வருவது இயல்பு. புரியாத சொல்லுக்குத் தம் மொழியிலேயே ஒரு பொருள் கண்டுகொண்டார்கள்.

வட இந்தியப் பேச்சுமொழிகளின் வாயிலிருந்து அது மேற்கே போயிற்று. கிரேக்கத்தில் ஸிங்கிபெரிஸ். கி.பி. முதல் நூற்றாண்டின் மருத்துவர் டியாஸ்கோரிடிஸ், உடலுக்குச் சூடு தரும், செரிமானத்துக்கு நல்லது, வயிற்றுக்கு இதம் என்று அதைப் பற்றி எழுதினார். எங்கள் ஊரில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். அதே நூற்றாண்டில் ரோமின் பிளினி அதன் விலையையே குறித்துவைத்தார். ஒரு ராத்தல் இஞ்சி 6 தெனாரி, கருமிளகு 4 தெனாரி. இது மிளகுச் செடியின் வேர் என்று சிலர் நினைப்பதையும், அது தவறு என்பதையும் சேர்த்து எழுதினார். சரக்கு வந்துகொண்டே இருந்தது. விளைகிற செடியைக் கண்டவர்கள்தாம் அங்கே இல்லை.

பிளினி எழுதிய காலத்தில் ரோமானியக் கப்பல்கள் வந்த கரை எங்கள் ஊருக்கு வெகுதூரத்தில் இல்லை. விழுப்புரத்தில் பேருந்து மாறினால் புதுச்சேரி. அதன் தெற்கே அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது இத்தாலியில் செய்த சிவப்புப் பளபளப்பு மட்பாண்டங்களும் மது கொண்டுவந்த கூர்அடிச் சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. எதிர்க்கரையான எகிப்தின் செங்கடல் துறையில், குசைர் அல்-காதிம் என்ற இடத்தில், தமிழ் பிராமி எழுத்தில் ‘பானை உறி’ என்று பொறித்த பானைத் துண்டு கிடைத்திருக்கிறது. உறியில் பானை தொங்கவிட்ட தமிழர் சிலர் அந்தக் கரைவரை போய்வந்தவர்கள். சரக்கு அவர்கள் கையில் போயிற்று. சொல்லோ பல மொழிக்காரர்களின் வாய் மாறிப் போயிற்று.

இன்னொரு கிளை பாரசீகம் வழியாக அரபுக்குப் போய் ஸஞ்சபீல் ஆயிற்று. சொர்க்கத்தில் நல்லோர்க்குத் தரும் பானத்தில் ஸஞ்சபீல் கலந்திருக்கும் என்று குர்ஆனின் 76ஆம் அத்தியாயம் பேசுகிறது. அரபிலிருந்து துருக்கிக்கு ஸென்ஜெஃபில். துருக்கியிலிருந்து பல்கேரியாவுக்கு ஜின்ஜிஃபில். ஆக, ஐரோப்பாவுக்குள் இந்தச் சொல் நுழைந்த வாசல் ஒன்று மட்டும் இல்லை. லத்தீன் வழியாக மேற்கு வாசல், துருக்கி வழியாகக் கிழக்கு வாசல்.

லத்தீனின் ஸிங்கிபெர் பிரெஞ்சில் மாறி, ஜெர்மன் நாடுகளுக்குள் நுழையும்போது முதல் மெய்யை இழந்தது. தமிழ் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே தன் சகரத்தை இழந்திருந்தது. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று அறியாமல், ஒரே சொல்லின் ஒரே தலையெழுத்தைத் தனித்தனியே உதிர்த்தன. அதனால்தான் இங்வரும் இஞ்சிவேரும் இப்படி ஒத்திருக்கின்றன. பாலி, கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு என்று ஊரெல்லாம் சுற்றிய சொல், கடைசியில் பிறந்த வீட்டுப் பிள்ளையின் முகத்தோடு ரைன் கரையில் நிற்கிறது. நேர்வழிக் கற்பனையில் இந்த அதிசயம் கிடைக்காது.

வெனிஸ் வணிகர்கள் எகிப்தில் வாங்கிய சரக்கு ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களைத் தாண்டி ரைன் ஆற்று நகரங்களுக்கு வந்தது. 1431 முதல் 1448 வரை பாசலில் கிறித்தவத் திருச்சபையின் பெருமன்றம் நடந்தது. ஐரோப்பாவின் ஆயர்களும் தூதர்களும் கூடிய ஊரில் வாசனைச் சரக்குக்கு என்ன கிராக்கி இருந்திருக்கும்! இங்வர் அந்தப் பக்கத்து வாயில் இன்னும் சுருங்கி இம்பர் ஆனது. போலந்து, ரஷ்யா, லித்துவேனியாவின் இம்பிர், இம்பியராஸ் எல்லாம் ஜெர்மன் வழியாகப் போனவை.

பக்கத்துச் சந்தின் மிளகுக் கதை வேறு மாதிரி. ஃபெஃபர், பெப்பர், புவாவ்ர், பியெப்ஷ் எல்லாவற்றுக்கும் மூலம் லத்தீன் பிபெர், கிரேக்கப் பெபெரி. அவற்றுக்கு முன்னால் நிற்பது வடமொழிப் பிப்பலி. அது மிளகின் பெயரே இல்லை; நம் திப்பிலி! முதலில் மேற்கே அறிமுகமானது திப்பிலி. பின்னால் மிளகு மலைபோல் வந்து இறங்கியபோது, அதே காரத்துக்கு அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள். மிளகு என்ற நம் சொல் அந்தச் சரக்கோடு ஐரோப்பாவுக்குப் போகவில்லை.

அதே பாசலில் 1542இல் லியோன்ஹார்ட் ஃபுக்ஸின் புகழ்பெற்ற மூலிகை நூல் அச்சாயிற்று. அதில் மிளகாய்ச் செடியின் அழகான படம் உண்டு. பெயர்களில் ஒன்று ‘கள்ளிக்கோட்டை மிளகு’. அமெரிக்காவிலிருந்து வந்த செடி அது. ஆனால் காரம் என்றால் கள்ளிக்கோட்டை என்று ஐரோப்பா அவ்வளவு ஆழமாக நம்பியிருந்தது. நாமும் அதே செடியைக் கண்டபோது மிளகையும் காயையும் சேர்த்து மிளகாய் என்றோம். புதியதைப் பார்த்தால் பழையதின் பெயரால் அழைப்பது பாசலுக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் பொதுவான குணம்.

குங்குமப்பூக் குழுவின் மாளிகை தோல் பதனிடுவோர் தெருவில் இருக்கிறது என்றேன். அங்கே நின்றபோது கல்வராயன் மலைக் கடுக்காய் நினைவுக்கு வந்தது. எங்கள் மாவட்டத்து மலையின் பேர்பெற்ற காட்டுச் சரக்கு அது. தோல் பதனிடுவதற்கு இந்தியக் கடுக்காய் 19ஆம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போயிற்று. ஆனால் கடுக்காய் என்ற பெயர் போகவில்லை. கிரேக்கத்திலிருந்து வந்த மைரோபலன் என்ற பெயரிலேயே அவர்கள் அதை வாங்கினார்கள். காலையில் இஞ்சி, நடுப்பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய் என்று ஒரு நாளையே பங்கிட்டுக்கொடுத்த மருத்துவ மரபு நம்முடையது. அந்த மூன்றில் ஒன்றின் பெயர்தான் உலகம் சுற்றியது. கெடாமல் கடல் கடந்ததில் பெரும்பங்கு சுக்காகத்தான் இருந்திருக்கும். இருந்தும் பயணம் போன பெயர் பச்சை இஞ்சியினுடையது.

பாசலில் ஈழத்தமிழர் நடத்தும் கடைகள் உண்டு. 1980களில் தொடங்கிப் போர் துரத்த வந்தவர்கள் ஸ்விட்சர்லாந்தில் இன்று ஏறத்தாழ 50,000 பேர். ஒரு கடைக்குள் நுழைந்தேன். முருங்கைக்காய், கறிவேப்பிலை, அரிசி மூட்டைகள். கல்லாவில் இருந்தவர் என் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

“தம்பி இந்தியாவிலை எவ்விடம்?”

“உளுந்தூர்பேட்டைங்கண்ணே. விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம்.”

“உளுந்தூரோ! அப்ப வடைக்கு நல்ல ஊர்தான்” என்று சிரித்தார்.

அப்போது ஸ்விஸ் மூதாட்டி ஒருவர் வந்து இங்வர் கேட்டார். கடைக்காரரின் மகள் பாசல் ஜெர்மனில் பதில் சொல்லிக்கொண்டே எடைபோட்டாள். பிறகு அப்பாவிடம் திரும்பி, “இஞ்சி முடியப்போகுதப்பா” என்றாள். அரை நிமிடத்துக்குள் ஒரே சொல்லின் இரண்டு முனைகளும் அந்தப் பெண்ணின் வாயில் வந்துபோயின. இடையில் கழிந்தது ஈராயிரம் ஆண்டுக்கு மேல்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பாலியிலிருந்து பாசல்வரை சொன்னேன். கடைக்காரர் கைவேலையை நிறுத்திக் கேட்டார். மகள் “இங்வர், இஞ்சிவேர்” என்று இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் அவர் சொன்னார்: “அப்ப நாங்கள் வர முந்தியே எங்கடை சொல் வந்திட்டுது, தம்பி. ஒருத்தரும் அதிட்டை விசா கேட்கேல்லை.” பிறகு உள்ளே போய் இஞ்சித் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார்.

அகதியாக வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிய ஒருவரின் வாயிலிருந்து வந்த அந்தப் பேச்சுக்கு முன்னால் பெருமை பேச எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் இஞ்சிச் செடியும் நம் மண்ணுக்கு வந்தேறியதுதான். தென்கிழக்காசியத் தீவுகளில் பயிராகி, கடல்வழியே இந்தியாவுக்கு வந்தது என்று தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள். இன்று அது எந்தக் காட்டிலும் தானாக முளைப்பதில்லை. மனிதன் துண்டு வெட்டி நட்டால்தான் உண்டு. யாரோ ஒரு மாலுமி ஒரு துண்டை ஈரம் காயாமல் கொண்டுவந்து சேர்த்தான். இங்கே ஒருத்தி நட்டாள், பெயர் சொன்னாள். 1807இல் வில்லியம் ராஸ்கோ அதற்கு ஸிங்கிபெர் அஃபிசினாலே என்று அறிவியல் பெயர் வைத்தபோது அந்த வேரும் உள்ளே போய் உட்கார்ந்தது. இஞ்சி, மஞ்சள், ஏலம் அடங்கிய குடும்பம் முழுவதுக்கும் இன்று அதுவே குடும்பப் பெயர்.

பெயர் சொன்ன அந்த ஒருத்தி அரசியும் இல்லை, புலவரும் இல்லை. மண்ணைக் கிளறியவள், உலர்த்தியவள், மூட்டை கட்டியவர்களின் வீட்டுக்காரி. தமிழ் உலகுக்குக் கொடுத்தவற்றை எண்ணும்போது நாம் கோயிலையும் காப்பியத்தையும் முதலில் சொல்கிறோம். கொல்லைப்புறத்தில் பிறந்த ஒரு சொல் அவற்றையெல்லாம் தாண்டிப் பின்லாந்துவரை போயிருக்கிறது. அதைச் சுமந்தவர்களில் பாலி பேசியவர், பாரசீகர், அராபியர், கிரேக்கர், ரோமர், வெனிஸ்காரர், ஜெர்மானியர் எல்லாரும் உண்டு. அவர்களில் ஒருவர் கைநழுவ விட்டிருந்தாலும் இஞ்சிச் சந்து இருந்திருக்காது.

ஊர் திரும்பியதும் எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை வரைபடம் வைத்துக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். தமிழிலிருந்து போன சொல் என்று எதையும் முழங்குவதற்கு முன்னால், அது எந்தக் கரையில் ஏறியது, எந்த வாயில் எந்த எழுத்தை இழந்தது, எந்த நூலில் எப்போது பதிவானது என்று அவர்கள் கேட்கப் பழக வேண்டும். அப்படிக் கேட்டால் சில பெருமைகள் உதிரும், உதிரட்டும். வெட்டிவேர், கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணி என்று சோதித்துப் பார்க்க இன்னும் எத்தனையோ சொற்கள் கப்பலேறியிருக்கின்றன. சோதனையில் தேறி நிற்கும் ஒவ்வொரு சொல்லும், நம்மை உலகத்தோடு இணைத்த ஒரு சாலையை முழுசாகத் திறந்து காட்டும். நாற்புறமும் சாலை பிரிகிற ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தச் சாலைகளைச் சரியாகக் காட்டுவதைவிடப் பெரிய தமிழ்ப்பாடம் எனக்குத் தெரியவில்லை.